திறந்துவிடப்பட்ட ஒரு வகுப்பறை: சிசிகே08 பாடமும் சமூக வலைத்தளங்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் வின்னிபெக் நகரிலுள்ள மானிடோபா பல்கலைக்கழகம், 2008 செப்டம்பரில் 12 வாரப் பாடம் ஒன்றை இணையவழியில் தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் ‘இணைப்பியமும் இணைப்பறிவும்’ என்று சொல்லலாம். கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்கள் சுமார் 25 பேர். அதே பாடத்தை உலகில் எவரும் கட்டணமின்றிப் பின்தொடரலாம் என்று அறிவிக்கப்பட்டதும், 2,200க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்துகொண்டனர். பங்கேற்பாளர்கள் தங்கள் எழுத்துகளில் இட்ட ‘சிசிகே08’ என்ற குறிச்சொல்லே நாளடைவில் பாடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் பாடங்களைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘மூக்’ என்ற சொல்லும், டேவ் கார்மியர், பிரையன் அலெக்சாண்டர் ஆகியோர் இப்பாடத்தைப் பற்றிப் பேசும்போது உருவாக்கியதுதான்.

வளர்ந்தோர் கல்வியில் சமூக வலைத்தளங்களின் இடத்தை ஆராய இந்த நிகழ்வைத் தேர்ந்துகொண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வேலையும் குடும்பமும் உள்ள வளர்ந்தோர். ஆசிரியர்கள், பயிற்றுநர்கள், கல்வித் தொழில்நுட்பப் பணியாளர்கள் என்று, பகலில் பிறருக்குக் கற்பித்துவிட்டு இரவில் தாம் கற்க அமர்ந்தவர்கள். இரண்டாவது, பாடம் முழுவதும் திறந்த வெளியில் நடந்ததால், வழக்கமான வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தயக்கமும் சோர்வும் சச்சரவும் விலகலும் இங்கே பதிவாகி, ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தன. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. இவற்றைக் கொண்டு கற்பிப்பது எப்படி என்று யாரும் வழி வகுத்திருக்கவில்லை.

பாடத்தின் அமைப்பு

பாடத்தை நடத்தியவர்கள் இருவர். ஜார்ஜ் சீமன்ஸ் அப்போது மானிடோபா பல்கலைக்கழகத்தின் கற்றல் தொழில்நுட்ப மையத்தில் இருந்தார். ஸ்டீபன் டவுன்ஸ் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஆய்வாளராக இருந்தார். அறிவு என்பது ஒருவருடைய தலைக்குள் சேமித்து வைக்கும் பொருளன்று, மனிதர்களுக்கும் கருவிகளுக்கும் இடையிலான தொடர்புகளில் பரவிக் கிடப்பது. அந்தத் தொடர்புகளை உண்டாக்கவும் அவற்றின் வழியே சென்றுவரவும் பெறும் திறனே கற்றல் என்பது சீமன்ஸ் 2004இல் முன்வைத்த ‘இணைப்பியம்’ என்ற கருத்தின் சாரம். பாடத்தின் பொருள் இதுதான்; பாடத்தை நடத்திய முறையும் இதுவேதான். வலைப்பின்னலைப் பற்றிக் கற்க வேண்டுமானால் வலைப்பின்னலில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று இருவரும் கருதினார்கள்.

பாடத்திட்டம் ஒரு விக்கி பக்கத்தில் இருந்தது. விவாதத்திற்கு மூடுல் மென்பொருளில் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. எலூமினேட், யூஸ்ட்ரீம் ஆகிய தளங்களில் நேரலை உரையாடல்கள் நடந்தன. இவற்றுக்கு அப்பால், பங்கேற்பாளர்கள் தமக்குப் பிடித்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம், குறிச்சொல்லை மட்டும் இட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சுமார் 170 பேர் தங்கள் வலைப்பூக்களின் செய்தியோடைகளைப் பாடத்தோடு இணைத்தனர். ஃபேஸ்புக்கில் ஒரு குழுவும் கூகுள் குழுமங்களில் சில குழுக்களும் எழுந்தன. செகண்ட் லைஃப் என்ற முப்பரிமாண மெய்நிகர் உலகிலும் சிலர் கூடினார்கள். ஸ்பானிய மொழி பேசுவோர் தங்களுக்கென்று ஒரு வட்டம் அமைத்துக்கொண்டார்கள்.

இப்படிச் சிதறிக் கிடந்ததையெல்லாம் சேர்த்துத் தந்தது டவுன்ஸ் தாமே எழுதிய ஒரு திரட்டி மென்பொருள். திரட்டி என்றால் என்ன என்று தமிழ் வலைப்பதிவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டிய, 2004இல் தொடங்கிய தமிழ்மணத்தைக் காலையில் எழுந்ததும் திறந்து பார்த்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. டவுன்ஸின் திரட்டி, குறிச்சொல் தாங்கிய பதிவுகளை நாள்தோறும் பொறுக்கியெடுத்தது. அவற்றின் சுட்டிகளோடு பாடம் நடத்துவோரின் குறிப்புகளும் அறிவிப்புகளும் சேர்ந்து ‘தி டெய்லி’ என்ற மின்னஞ்சல் மடலாகப் பங்கேற்பாளர்களின் அஞ்சல்பெட்டிக்குச் சென்றன. இந்தத் தினமடல்தான் இந்நிகழ்வின் மையம் என்பது என் கணிப்பு. பாடத்தைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் இது ஒரு துணைக் கருவியாகவே குறிப்பிடப்பட்டுக் கடந்து செல்லப்படுகிறது.

மன்றத்தில் நடந்தது

முதல் வாரத்திலேயே எழுத்து வெள்ளம்போல் வந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே மன்றத்தில் ‘வணக்கம், நான் இன்னார்’ என்று தொடங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. எதைப் படிப்பது, எதை விடுவது, எல்லாவற்றையும் படிக்காவிட்டால் பின்தங்கிவிடுவோமோ என்ற பதற்றம் பலரைப் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டியதைத் தெரிந்தெடுங்கள் என்று பாடம் நடத்தியவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். ஆனால் பள்ளி நாள் முதல் ‘பாடத்தை விடாமல் படி’ என்று பழக்கப்பட்ட ஒருவருக்கு இந்த அறிவுரை எளிதில் மனத்தில் இறங்குவதில்லை. அவர் ஆசிரியராகவே இருந்தாலும் அப்படித்தான்.

இதைவிட ஆழமான காயம் மன்றத்தின் தொனியால் ஏற்பட்டது. ஒரு சிலரின் கடுமையான, பிறரைச் சீண்டும் எழுத்து மன்றத்தைக் கலைத்தது. திறந்த வலைப்பின்னலில் யாரையும் அடக்குவது கொள்கைக்கு முரணாகும் என்ற தயக்கத்தால் கண்டிப்பான நெறியாளுகை இல்லை. விளைவாகப் பலர் வாயடைத்துப் போயினர். சிலர் மன்றத்தை விட்டுத் தங்கள் வலைப்பூக்களுக்கு ஒதுங்கினார்கள். வேறு சிலர் அடியோடு விலகினார்கள்.

இப்பாடத்தில் தாமே பங்கேற்ற ஜென்னி மேக்னஸ், சூயி ஃபை ஜான் மாக், ராய் வில்லியம்ஸ் ஆகிய மூவர், சக பங்கேற்பாளர்களிடம் வினவித் திரட்டிய பதில்களைக் கொண்டு 2010இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை விரிவாகப் பேசுகின்றன. வலைப்பூவை நாடியவர்கள் சொந்தமாக, நிதானமாகச் சிந்திக்க ஓர் இடம் வேண்டும் என்றும், மன்றத்தை நாடியவர்கள் விரைந்த, சூடான விவாதம் வேண்டும் என்றும் காரணம் கூறினார்கள். கருவியைப் பற்றிய தேர்வுபோலத் தோன்றும் இது, உண்மையில் ஒருவர் எந்த அளவு பாதுகாப்பாக உணர்கிறார் என்பதைப் பற்றிய தேர்வும் ஆகும்.

தன்னாட்சி, பன்மை, திறந்த தன்மை, ஊடாட்டம் ஆகிய நான்கும் ஒரு வலைப்பின்னலுக்கு இன்றியமையாதவை என்பது டவுன்ஸின் நிலைப்பாடு. மேக்னஸ் குழுவினர் வந்தடைந்த முடிவு இதற்கு ஒரு கடிவாளமாக அமைகிறது. பாடம் எந்த அளவுக்குத் தன்னாட்சியும் பன்மையும் திறப்பும் கொண்டதாகிறதோ, அந்த அளவுக்குக் கட்டமைப்பும் உதவியும் நெறியாளுகையும் இல்லாமையால் கற்றல் குறுகும் வாய்ப்பும் கூடுகிறது. அப்போது மக்கள் திறந்த வெளியை விட்டுப் பழகிய சிறு குழுக்களையே தேடிப் போகிறார்கள். வளர்ந்தோர் கல்வியில் பணியாற்றும் எவரும் இந்த முடிவோடு நின்று நிதானமாக யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாற்பது வயதில் மீண்டும் படிக்க வருகிறவர், அறிவுக் குறைவு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தைப் பையில் சுமந்துகொண்டேதான் வருகிறார். சக ஊழியரும் மேலதிகாரியும் பார்க்கக்கூடிய ஒரு பொதுவெளியில் ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதுவது அவருக்கு இருபது வயது மாணவருக்கு இருப்பதைவிட அதிக விலையுள்ள செயல். அந்த விலையைக் கொடுத்து ஒருமுறை எழுதியவர் ஏளனத்தைப் பதிலாகப் பெற்றால், அவர் மறுமுறை எழுதமாட்டார். நெறியாளுகை இல்லாத இடத்தில் சுதந்திரம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. உரத்துப் பேசத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது.

தினமடல் ஏன் வென்றது

இத்தாலிய ஆய்வாளர் அந்தோனியோ ஃபினி, இப்பாடத்தின் கருவிகளைப் பற்றித் தனியே ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பங்கேற்பாளர்களில் ஒரு சிறு பகுதியினரே பதிலளித்த கணக்கெடுப்பு அது. எனினும் அதன் திசை தெளிவானது. பலவிதச் சமூகக் கருவிகள் திறந்து வைக்கப்பட்டிருந்தும், பதிலளித்தவர்கள் பெரிதும் மதித்தது தினந்தோறும் வந்த மின்னஞ்சலைத்தான். செகண்ட் லைஃப் போன்றவற்றைப் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவில்லை. நேரமின்மை, மொழித்தடை, கருவிகளைக் கையாளும் பழக்கத்தின் அளவு ஆகியவையே இந்தத் தேர்வுகளைத் தீர்மானித்தன என்று ஃபினி விளக்குகிறார்.

மின்னஞ்சல் என்பது அன்றைக்கே பழைய தொழில்நுட்பம். சமூக வலைத்தளங்களின் ஆற்றலைக் காட்ட வந்த ஒரு பாடத்தில் அது முதலிடம் பெற்றதைத் தோல்வி என்று சிலர் கருதலாம். நான் அப்படிக் கருதவில்லை. தினமடல் சமூக வலைப்பின்னலுக்கு மாற்றாக இருக்கவில்லை; வலைப்பின்னலுக்குள் நுழையும் வாசலாக இருந்தது. 170 வலைப்பூக்களையும் மன்றத்தையும் ஃபேஸ்புக் குழுவையும் சுற்றிவர நேரமில்லாத ஒருவர், வேலைக்குக் கிளம்பும் முன்போ பிள்ளைகள் உறங்கிய பின்போ அந்த ஒரு மடலைப் படித்தால், நேற்று எங்கே என்ன பேசப்பட்டது என்று தெரிந்துகொண்டு, தமக்குத் தேவையான ஓரிரண்டு சுட்டிகளை மட்டும் திறக்கலாம். தேடும் உழைப்பைப் பாடம் நடத்துவோர் ஏற்றுக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை கற்பவரிடம் இருந்தது.

வளர்ந்தோர் தம் கற்றலைத் தாமே வழிநடத்த விரும்புவர் என்பது இத்துறையில் நெடுநாளாக ஏற்கப்பட்ட கருத்து. அந்த விருப்பத்தை, எல்லாவற்றையும் தாமே தேடிக்கொள்வார்கள் என்று பொருள்கொள்வதில்தான் பிழை நேர்கிறது. வளர்ந்தோரிடம் அனுபவம் உண்டு, நோக்கம் உண்டு, இல்லாதது நேரம். ஆகவே அவருக்கான பாடத்தில் சமூக வலைத்தளத்தைச் சேர்ப்பவர், அதனால் அவருடைய நாளில் எத்தனை நிமிடம் குறையும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பேசாதவர்கள்

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் பதிந்துகொண்டாலும் தொடர்ந்து எழுதியவர்கள் மிகச் சிலரே. இது சிசிகே08க்கு மட்டும் உரியதன்று. இதே வழியில் 2010இல் நடந்த ‘பிளெங்க்’ பாடத்தில் 1,641 பேர் பதிந்துகொண்டனர். அதை ஆராய்ந்த ரீட்டா கோப் முதலானோர், முனைப்போடு படைத்துப் பகிர்ந்தவர்கள் சில பத்துப் பேர்தாம் என்று காட்டினார்கள். பிறர் படித்தார்கள், பார்த்தார்கள், போனார்கள்.

பேசாமல் படிப்பவர் கற்கிறாரா என்ற கேள்வி அன்று கடுமையாக விவாதிக்கப்பட்டது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் விளக்கிய ஒரு கருத்து இங்கே உதவும்: ஒரு தொழிலையோ கலையையோ பயில வருகிறவர் முதலில் ஓரத்தில் நின்று கவனிக்கிறார், அப்படி நிற்பதும் முறையான பங்கேற்பே. நம் ஊர்த் தறிக்கூடத்திலும் நாதஸ்வர ஆசானின் வீட்டிலும் சீடன் முதலில் செய்தது இதைத்தானே. எனினும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. தறிக்கூடத்தில் ஓரத்தில் நிற்பவனை ஆசான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தக்க நாளில் ‘வா, நீ போடு’ என்று நாடாவைக் கையில் கொடுக்கிறார். இரண்டாயிரம் பேர் கூடிய இணையவெளியில் ஓரத்தில் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் கற்றுக்கொண்டு நிற்கிறாரா, அஞ்சி நிற்கிறாரா, எப்போதோ போய்விட்டாரா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. கட்டணம் செலுத்திய மாணவர்களின் கட்டுரைகளையும் இறுதித் திட்டப்பணியையும் பாடம் நடத்தியவர்கள் படித்து மதிப்பிட்டார்கள். மற்ற இரண்டாயிரம் பேருக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை. சமூக வலைத்தளம் வகுப்பறையை விரித்துவிட்டது, ஆசிரியரின் கண்ணை விரிக்கவில்லை.

கட்டளையால் அமைந்த குழுக்கள்

ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நிகழ்வைச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். 2013இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம், கோர்செரா தளத்தின் வழியாக, இணையவழிக் கல்வியைத் திட்டமிடுவது குறித்தே ஒரு திறந்த பாடத்தை நடத்தியது. சுமார் 41,000 பேர் சேர்ந்தார்கள். அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து உரையாட வேண்டும் என்று திட்டமிடப்பட்டு, கூகுள் விரிதாள் ஒன்றில் தம் பெயரைத் தாமே ஒரு குழுவில் எழுதிக்கொள்ளுமாறு சொல்லப்பட்டது. ஒரே நேரத்தில் அத்தனை பேர் திருத்துவதை அந்த விரிதாள் தாங்கவில்லை. பெயர்கள் அழிந்தன, குழப்பம் பெருகியது, தொடங்கிய ஒரே வாரத்தில் பாடம் நிறுத்திவைக்கப்பட்டது.

கருவியின் எல்லையை அறியாத பிழை என்று இதை முடித்துவிடலாம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. சிசிகே08இல் ஸ்பானிய வட்டத்தை யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை. மொழி என்ற உண்மையான தேவை அதைக் கூட்டியது. அந்தத் தேவை இருந்த இடங்களில் குழு தானே பிறந்தது, பாடம் கொள்கையளவில் தளர்வாக இருந்தபோதும் அது நிலைத்தது. 41,000 பேரை முதல் நாளிலேயே குழுக்களாகப் பிரியச் சொன்னபோது, அவர்களைச் சேர்த்து வைக்கும் தேவை எதுவும் அங்கே இன்னும் உருவாகியிருக்கவில்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஃபியூச்சர்லேர்ன் தளம் 2013இல் தன் முதல் பாடங்களை வெளியிட்டபோது மூன்றாவது ஒரு வழியைக் கையாண்டது. உரையாடலைத் தனி மன்றத்தில் வைக்காமல், பாடத்தின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்திலேயே கருத்திடும் இடம் வைத்தது. பிறரைப் பின்தொடரவும் கருத்தை விரும்பவும் சமூக வலைத்தளங்களில் பழகிய அதே வசதிகளைத் தந்தது. படித்த இடத்திலேயே பேசலாம் என்பதால், விவாதம் எங்கே நடக்கிறது என்று தேடி அலையும் நேரம் மிச்சமாகிறது. தினமடல் தீர்த்த அதே சிக்கலை இது வேறு முனையிலிருந்து தீர்க்கிறது.

பிறர் நிலத்தில் கட்டிய வீடு

சிசிகே08இலும் அதைத் தொடர்ந்த பாடங்களிலும் பயன்பட்ட தளங்களின் பிற்கால நிலையையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். எலூமினேட்டை 2010இல் பிளாக்போர்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆசிரியர் குழுக்கள் பலவற்றுக்குத் தாய்வீடாக இருந்த நிங் தளம், அதே ஆண்டில் இலவச வலைப்பின்னல்களை நிறுத்தியது. கட்டணம் செலுத்த முடியாத குழுக்கள் வேறிடம் தேடின. வலைப்பூக்களைத் தொடர உலகெங்கும் பயன்பட்ட கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. டவுன்ஸ் தாமே எழுதிய திரட்டியும், பாடத்தின் தினமடலுக்கு முன்பே, 2001 முதல் அவர் தனியே நடத்திவரும் ‘ஓஎல்டெய்லி’ என்ற மடலும் தொடர்ந்தன. அவை எந்த நிறுவனத்தின் தயவிலும் இருக்கவில்லை. பாடத்தின் உரையாடல்கள் எங்கு வேண்டுமானாலும் நடக்கட்டும், ஆனால் அவற்றின் பதிவு பாடம் நடத்துவோரின் சொந்தச் சேமிப்பில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

தமிழில் நடத்துவோருக்கு

இன்று தமிழில் வளர்ந்தோருக்கான குறுகியகாலப் பாடங்கள் பெரும்பாலும் வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில்தான் நடக்கின்றன. சிசிகே08இன் முதல் வாரத்தில் நேர்ந்தது இந்தக் குழுக்களில் நாள்தோறும் நேர்கிறது: காலை வணக்கப் படங்களுக்கும் தொடர்பற்ற பகிர்வுகளுக்கும் இடையில் ஆசிரியரின் குறிப்பு மேலே போய்விடுகிறது, இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுப்பவர் இருநூறு செய்திகளைக் கண்டு மலைத்து, ஒலியை அடக்கிவிட்டு நகர்கிறார். அவர் ஆர்வமற்றவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நான் பரிந்துரைப்பது பெரிய மாற்றமன்று. உரையாடும் குழுவும் தினமடல் வரும் வழியும் வேறுவேறாக இருக்க வேண்டும். பின்னதில் ஆசிரியரோ அவர் பொறுப்பளித்த ஒருவரோ மட்டுமே எழுதலாம். நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், அன்றைய பேச்சின் சாரமும் நல்ல கேள்விகள் இரண்டோ மூன்றோ அதில் வர வேண்டும். குழுவில் எழுதத் தயங்குபவர் ஆசிரியருக்குத் தனியே எழுதிய ஐயத்தையும், அவர் பெயரைச் சொல்லாமல், அவருடைய ஒப்புதலோடு அதில் சேர்க்கலாம். சீண்டும் எழுத்தை அன்றைக்கே நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே எல்லாருக்கும் அறிவித்துவிட வேண்டும்.

இந்த வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். பாடத்தின் செலவுக் கணக்கில் காணொளிக்கும் மென்பொருளுக்கும் தொகை ஒதுக்குகிறவர்கள், இந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியரின் நல்லெண்ணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். சிசிகே08இல் அதைச் செய்ய, திரட்டியைத் தாமே எழுதத் தெரிந்த ஒரு ஆய்வாளர் இருந்தார்.